பந்தைத் தந்தவர்

நம் சங்கத்து இதழில் புலவர்களைப் பற்றியும் விஞ்ஞானிகளைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். நானும் விஞ்ஞான மாணவன்தான். ஆயினும் இம்முறை ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கையை எழுத எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் பிழையும் கலந்திருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற எங்கள் ஊர் ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. மேற்படிப்புக்காக இந்த மும்பை மாநகருக்கு வந்தபோது என் பெட்டியோடு மட்டை ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலையில் செம்பூரிலிருந்து தாராவிக்குப் போய், நம் தமிழ்ப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு ஹாக்கி கற்பித்து வருகிறேன். புல் முளைக்காத மண் திடல். பிள்ளைகள் பதினைவர், மட்டைகள் ஒன்பது. முறை வைத்துக்கொண்டு ஆடுகிறோம்.

அவர்களுள் ஒரு சிறுவன் வல்லவன். வயது பதின்மூன்று. பந்து அவன் மட்டையை விட்டு விலகாது. அவனுக்கும் மற்றவர்களுக்கும் ஊக்கம் பிறக்கட்டும் என்று ஒருநாள் தியான்சந்தின் கதைகளைச் சொன்னேன். அவர் மட்டைக்குள் காந்தம் இருக்கிறதோ என்று ஐயுற்று, ஹாலந்து நாட்டில் அதை உடைத்துப் பார்த்தார்கள் என்றேன். ஜப்பானியர் அதில் பசை தடவியிருப்பதாக நினைத்தார்கள் என்றேன். ஹிட்லரே அழைத்துத் தன் படையில் பதவி தருவதாகச் சொன்னான் என்றேன். சிறுவனின் கண்கள் விரிந்தன. அன்று முதல் அவன் பந்தை ஒருவருக்கும் தரவில்லை.

சென்ற கோடையில் மாட்டுங்காவில் ஒரு நட்பு ஆட்டம் ஆடினோம். 4-0 என்று தோற்றோம். தோற்றது எனக்கு வருத்தமில்லை. இடது ஓரத்தில் ஒரு சிறுவன், எதிரிகள் யாரும் சூழாத இடத்தில், மட்டையால் தரையைத் தட்டித் தட்டிப் பந்து கேட்டுக்கொண்டே நின்றான். ஆட்டம் முடியும்வரை அவனுக்குப் பந்து வரவேயில்லை. மட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வாரமும் நான் வரவேண்டுமா அண்ணா என்று கேட்டான். நான் விடை சொல்லவில்லை. என்னிடம் விடை இருக்கவில்லை.

ரயிலில் திரும்பும்போது எண்ணிப் பார்த்தேன். வல்லவனான அந்தச் சிறுவன்மேல் குற்றம் இல்லை. நான் சொன்ன கதைகளில் பந்தை வைத்திருக்கும் தியான்சந்த் இருந்தார். பந்தைத் தரும் தியான்சந்த் இல்லவே இல்லை. அதனால் அவருடைய வாழ்க்கையை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். படித்ததை இங்கே என் சொற்களில் தருகிறேன்.

தியான் சிங் என்பதே அவர் இயற்பெயர். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை சமேஷ்வர் சிங் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் பணிபுரிந்தவர். படை ஊர் ஊராக மாறியது. குடும்பமும் உடன் மாறியது. பையனின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோயிற்று. கடைசியில் குடும்பம் ஜான்சி நகரில் நிலைகொண்டது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த பெற்றோரின் பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு இந்தக் கதை புதிதாய்த் தோன்றாது.

சிறுவயதில் அவருக்கு ஹாக்கியில் தனி நாட்டம் ஏதும் இருந்ததில்லை. மற்போரில்தான் விருப்பம். 1922இல், தம் பதினேழாம் பிறந்தநாளன்று, சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கி அவரைப் பற்றிக்கொண்டது. சுபேதார் மேஜர் திவாரி என்பவர் அந்தப் படைப்பிரிவில் இருந்தார். ஆட்டத்தில் தீராத காதல் கொண்டவர். மட்டையைப் பிடிப்பது எப்படி, பந்தை நிறுத்துவது எப்படி என்னும் முதற்பாடங்களை அவரே சொல்லிக்கொடுத்தார். பாளையத்தில் விளையாட்டுக்கென்று குறித்த நேரம் இல்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஆடினார்கள். பணி முடிந்தபின் நிலவொளியிலும் தியான் சிங் பயிற்சி செய்வாராம். அதனால் நிலவைக் குறிக்கும் சந்த் என்ற சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பர்.

ஹாக்கி பழகாத தோழர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹாக்கி மட்டையின் ஒரு பக்கம் தட்டை; மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். எனவே பந்தை வலமும் இடமுமாக உருட்டிச் செல்பவன் ஒவ்வொரு முறையும் மட்டையைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். மேலே பிடித்த இடக்கைதான் மட்டையைத் திருப்பும். கீழே உள்ள வலக்கை தளர்ந்திருந்து அதற்கு இடம்கொடுக்கும். வலக்கையை இறுக்கிவிட்டால் எல்லாம் கெட்டது. பிள்ளைகள் முதலில் செய்யும் தவறு இதுவே. இந்த ஒன்று கைவர மாதக்கணக்கில் பழக வேண்டும். காந்தமும் பசையும் என்று உலகம் பேசியது இந்தப் பழக்கத்தைத்தான். மட்டையை உடைத்த கதைக்கு உறுதியான சான்று கிடையாது. பழகிய கைக்குச் சான்று அவர் ஆடிய ஆட்டங்களே.

1926இல் இந்தியப் படை அணி நியூசிலாந்துக்குச் சென்றது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, 1 தோல்வி. அந்தப் பயணத்தில் சிப்பாய் தியான்சந்தின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது. திரும்பியதும் லான்ஸ் நாயக் ஆனார்.

அடுத்த காட்சி நம் மும்பையில் நடக்கிறது. 1928ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஆட்டத்துக்காக இந்திய ஹாக்கி அணி கெய்சர்-இ-ஹிந்த் என்னும் கப்பலில் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஜெய்பால் சிங் தலைவர். புறப்படும் முன் பம்பாய் அணியோடு ஓர் ஆட்டம் ஆடி 3-2 என்று தோற்றிருந்தார்கள். பணமும் போதவில்லை, எல்லா ஆட்டக்காரர்களையும் அழைத்துச் செல்ல முடியுமா என்பதே கடைசிவரை ஐயமாக இருந்தது. வழியனுப்பத் துறைமுகத்துக்கு வந்தவர்கள் மூவர். ஒருவர் ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர், இன்னொருவர் துணைத்தலைவர், மூன்றாமவர் ஒரு பத்திரிகையாளர்.

ஆம்ஸ்டர்டாமில் அந்த அணி 5 ஆட்டங்கள் ஆடியது. ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றது. மே 26ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று வென்றது. போட்ட கோல்கள் 29, வாங்கியது ஒன்றுமில்லை. தியான்சந்த் மட்டும் 14 கோல் போட்டார். மூவர் வழியனுப்பிய அதே துறைமுகத்தில், திரும்பி வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. வென்றவனைக் காண ஊரே வரும். வெல்லுமுன் வந்து நின்ற அந்த மூவரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். திடலில் பிள்ளைகளோடு இருக்கும் ஞாயிறுகளில் அந்த நினைவு துணையாக இருக்கிறது.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ். இம்முறை தம்பி ரூப் சிங்கும் அணியில் இருந்தார். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தம்பி 10 கோலும் தமையன் 8 கோலும் போட்டார்கள். உலகப் புகழ்பெற்ற அண்ணனைவிடத் தம்பி இரண்டு கோல் கூடுதல் போட்டான் என்றால், அண்ணனின் மட்டையிலிருந்து தம்பிக்குப் பந்து போய்க்கொண்டிருந்தது என்றுதானே பொருள்? நான் முன்பு எத்தனையோ முறை படித்த எண்கள் இவை. இந்த முறைதான் அவை எனக்குப் பேசின.

ஆனால் என்னை நிறுத்தியது அடுத்த ஆண்டின் ஓர் ஆட்டம். அது ஒலிம்பிக் ஆட்டம் அல்ல. 1933இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒருபுறம் பேரும் பலமும் வாய்ந்த கல்கத்தா சுங்கத்துறை அணி. மறுபுறம் தியான்சந்த் தம் ஊர்க்காரர்களைச் சேர்த்து அழைத்து வந்த ஜான்சி ஹீரோஸ். சுங்கத்துறை அணியினர் முழு வேகத்தோடு தாக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தியான்சந்துக்கு வழி திறந்தது. அவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவில்லை. நடுத்திடலிலிருந்தே, எதிரணியின் காவலைப் பிளந்து, நீண்ட தூரத்துக்கு ஒரு பந்து தந்தார். இஸ்மாயில் என்ற தோழர் பாதித் திடலைக் காற்றாய்க் கடந்து அந்தப் பந்தைப் பிடித்தார். காவலருக்கும் கோல் காப்பாளருக்கும் இடையே ஒரு கணக் குழப்பம். கோல். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது. கோப்பை ஜான்சிக்குப் போயிற்று.

பிற்காலத்தில் தம் வாழ்க்கையை எழுதியபோது, தாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்த ஆட்டம் இதுவே என்று தயக்கமின்றி அவர் குறிப்பிட்டார். ஆம்ஸ்டர்டாமைச் சொல்லவில்லை, லாஸ் ஏஞ்சல்ஸைச் சொல்லவில்லை, பெர்லினைச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கில் கோல் போட்ட கை, தான் ஒரு கோலும் போடாத ஆட்டத்தைத் தன் தலைசிறந்த ஆட்டமாக எண்ணியது. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு நின்ற அந்த இடதுஓரச் சிறுவனே கண்முன் நின்றான். என் சிறுவர்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இது அல்லவா?

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற அணிக்குத் தியான்சந்தே தலைவர். அங்கே போய்ச் சேர்ந்த சில நாட்களில், ஜூலை 17ஆம் நாள், ஜெர்மானிய அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் 4-1 என்று இந்தியா தோற்றது. அந்த அடியை அவர் மறக்கவேயில்லை. ஆனால் தாம் ஒருவரே அதைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணவுமில்லை. முன்னணியில் வலப்பக்கம் ஆட ஆள் போதவில்லை என்று கண்டு, இந்தியாவிலிருந்து தாராவை உடனே அனுப்பும்படி அணியினர் கேட்டார்கள். விமானம் ஏறி வந்த தாரா, பிரான்சுக்கு எதிரான அரையிறுதிக்குள் வந்து சேர்ந்தார். அந்த ஆட்டம் 10-0.

இறுதி ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. எதிரி, முன்பு தோற்கடித்த அதே ஜெர்மனி. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்துக்காட்டினார். ஆட்டக்காரர்கள் அதை வணங்கிவிட்டுத் திடலில் இறங்கினார்கள். பதினோராண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெறப்போகிறது என்று அன்று யார் கண்டார்? திடல் ஈரம். இடைவேளையில் கணக்கு 1-0 மட்டுமே. தியான்சந்த் முள்வைத்த காலணிகளைக் கழற்றிவிட்டு ரப்பர் அடிக் காலணியோடு ஆடினார். முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா போட்டவை 38 கோல்கள். வாங்கியது அந்த ஒன்றுதான். இதற்குப் பிறகு ஹிட்லர் அவரைத் தன் படைக்கு அழைத்தான் என்ற கதைக்கும் உறுதியான ஆதாரம் ஏதும் இல்லை. அது இல்லாமலே இந்த வெற்றி பெரிது.

பின்னர் உலகப்போர் வந்தது. 1940இலும் 1944இலும் ஒலிம்பிக் நடைபெறவில்லை. ஓர் ஆட்டக்காரனின் நல்ல ஆண்டுகள் அப்படியே கரைந்தன. 1947இன் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஓர் இந்திய அணி சென்றபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. தியான்சந்த் வந்தால்தான் அணி வரலாம் என்று அந்நாட்டார் அழைத்திருந்தார்கள். அந்தப் பயணத்தில் நடந்ததாக உடன் ஆடியவர்கள் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கே.டி. சிங் பாபு என்னும் இளைஞருக்கு அருமையான பந்து ஒன்றைத் தந்துவிட்டு, அது கோல் ஆயிற்றா என்றுகூடப் பாராமல் தியான்சந்த் திரும்பி நடந்தாராம். பின்னர் கேட்டபோது, அந்தப் பந்தில் கோல் போட முடியாதவர் என் அணியில் இருக்கத் தகுதியற்றவர் என்றாராம். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். எனக்கு அது நம்பிக்கையின் வேறொரு பெயராகவே படுகிறது. அந்த பாபுவே 1952இல் ஹெல்சிங்கியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார்.

அதே 1952இல் தியான்சந்தின் வாழ்க்கை நூல் வெளிவந்தது. கோல் என்பதே அதன் பெயர். அதை நூலாக வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் இதழ் என்பது தமிழர்க்குப் பெருமை. உலகை வென்ற அம்மனிதர் அந்நூலில் தம்மை ஒரு சாதாரண மனிதர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

1956இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பின்பு அவர் செய்த பணிதான் என்னைப் போன்றவனுக்கு மிக நெருங்கியது; அவர் ஆசிரியரானார். இராசபுதனத்து மவுண்ட் அபுவில் பயிற்சி முகாம்களில் கற்பித்தார். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் ஏற்பட்டபின் அங்கே தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். பள்ளியை ஆறாண்டில் விட்டவர், ஒரு சுபேதாரிடம் தாம் பெற்ற முதற்பாடத்தை அடுத்த தலைமுறைக்குத் தந்தார். 1975இல் கோலாலம்பூர் உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றபோது, வெற்றிக் கோலைப் போட்டவர் அவர் மகன் அசோக் குமார்.

இறுதி ஆண்டுகள் அவருக்கு இனிமையாகக் கழியவில்லை. பணமுடையும் நோயும் சேர்ந்து வந்தன. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. மண்ணிலும் புல்லிலும் வளர்ந்த இந்திய ஹாக்கி பதக்கமின்றித் திரும்பியது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, 1979 டிசம்பர் 3ஆம் நாள் தில்லியில் அவர் கண்மூடினார். ஜான்சியில் அவர் ஆடிய திடலிலேயே உடலுக்கு எரியூட்டினார்கள். இன்று அவர் பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாள். 2021 முதல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மூவர் வழியனுப்பிய கதை போலவே, இதிலும் கூட்டம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

இனித் திடலுக்குத் திரும்புகிறேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகளை உட்காரவைத்து, முன்பு நான் சொன்ன கதைகளில் பல மெய்யென்று காட்ட முடியாதவை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு 1933ஆம் ஆண்டு ஆட்டத்தைச் சொன்னேன். சொல்லால் மட்டும் பிள்ளைகள் நம்புவார்களா? ஒரு சோதனை செய்தோம். எங்களில் மிக வேகமாக ஓடுபவனை ஒரு கோட்டில் நிறுத்தி, அவன் ஓடத் தொடங்கிய அதே கணத்தில் பந்தைத் தள்ளிவிட்டேன். மூன்று முறையும் பந்தே முந்தியது. பந்துக்கு மூச்சு வாங்காது என்று ஒரு வாண்டு சொன்னான். நான் ஒரு வகுப்பு முழுவதும் எடுத்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று முதல் பாடத்தை மாற்றினோம். மூவர் மூவராக முக்கோணத்தில் நிற்பார்கள். பந்தைத் தந்தவன் நின்ற இடத்தில் நிற்கக்கூடாது. வெற்றிடம் தேடி ஓட வேண்டும். பந்து, தோழன் நிற்கும் இடத்துக்குப் போகக்கூடாது. அவன் போகப்போகும் இடத்துக்குப் போக வேண்டும். எதிரி ஒருவன் நடுவில் வந்தால், சுவரில் தட்டித் திரும்பப் பெறுவதுபோல் தோழனிடம் தட்டித் திரும்பப் பெற வேண்டும். ஹாக்கியின் அடிப்படைத் தந்திரம் பெரும்பாலும் இவ்வளவே. இதைப் பழகப் புல்திடல் வேண்டாம். செயற்கைத் தரை வேண்டாம். மூன்று பிள்ளைகளும் ஒரு பந்தும் போதும்.

இடதுஓரச் சிறுவன் இரண்டு வாரம் வரவில்லை. வல்லவனான சிறுவனே அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தான். என்ன சொல்லி அழைத்தான் என்று நான் கேட்கவில்லை. மழை ஓய்ந்தபின் அதே மாட்டுங்காப் பிள்ளைகளோடு மீண்டும் ஆடினோம். முதற்பாதியிலேயே அவன் மூவரைக் கடந்து, கோல் போடும் தூரத்தில் இருந்தும், பந்தை இடப்பக்கம் தந்தான். மற்றவன் ஓங்கி அடித்தான். பந்து எங்கோ போயிற்று. என் நெஞ்சு பதைத்தது. இனிமேல் தரமாட்டான் என்றே எண்ணினேன். சற்று நேரத்தில் மறுபடியும் தந்தான். அதுவும் வீணாயிற்று. மூன்றாம் முறையும் தந்தான்.

அன்று நாங்கள் 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை யார் போட்டான் என்று நான் எழுதப்போவதில்லை. அடுத்த வாரம் வரவேண்டுமா என்று இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை.

தோழர்களே, எங்களுக்கு இன்னும் ஆறு மட்டைகள் குறைகின்றன. மட்டையைவிட, மட்டை பிடித்துக் காட்டும் கைகள் குறைகின்றன. நம்மில் யாரேனும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். துறைமுகத்துக்கு வந்தவர்கள் அன்று மூவர்தாம். நாமும் மூவராகவே தொடங்கலாம்.